உதயகிரி உலைக்களமும் சிறைப்பட்டோர் கைவினையும்



திருவனந்தபுரத்தில் தமிழில் தலைமையுரை ஆற்றுவது எனக்குக் கிடைத்த பேறு. கொஞ்சம் நடுக்கமும் இருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை வாழ்ந்து கற்பித்த நகரம் இது. திருவிதாங்கூரின் முற்கால அரசர்களைப் பற்றி எழுத முனைந்தபோது, அவர் அரண்மனை வழிக்கதைகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கல்வெட்டுகளைத் தேடிப் போனார். அவருக்குப் பின் து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையைத் தொடங்கினார். கவிமணி காந்தளூர்ச் சாலையைப் பற்றி எழுதினார். வையாபுரிப் பிள்ளை இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பொருளை நேரில் கண்டு, படித்து, அதன் பிறகே வரலாறு பேச வேண்டும் என்பது இவர்கள் நமக்கு விட்டுச் சென்ற ஒழுக்கம். இன்று நான் சொல்லப்போவதை அந்த ஒழுக்கத்தைக் கொண்டே நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கருத்தரங்கின் பொருள் ‘போர்க் கைதிகளின் கைவினை’. இத்துறையின் அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை விரைந்து கடக்கிறேன். நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சு வீரர்கள் இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் 1797 முதல் 1814 வரை அடைபட்டிருந்தார்கள். உணவுக்குக் கிடைத்த இறைச்சியின் எலும்பைச் செதுக்கிக் கப்பல் மாதிரிகள் செய்தார்கள்; வைக்கோலைச் சாயமேற்றி ஒட்டிப் பெட்டிகள் செய்தார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். போயர் போர்க் கைதிகளின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. 1900 ஆகஸ்டு முதல் இலங்கையின் தியத்தலாவை முகாமில் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தார்கள். பின்னர் இந்தியாவுக்கும் ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டார்கள். திருச்சிராப்பள்ளி, நீலகிரியில் கேத்தி, பெல்லாரி, அகமதுநகர் எனப் பல இடங்களில் அவர்களுக்கு முகாம்கள் இருந்தன. மரத்திலும் எலும்பிலும் கொம்பிலும் அவர்கள் செய்த புகைக்குழாய்களும் கைத்தடிகளும் சிறு பெட்டிகளும் இன்று புளூம்ஃபொன்டெயின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதல் உலகப் போரில் பிடிபட்ட துருக்கி வீரர்கள் பாசிமணி கோத்துப் பாம்புகள் பின்னினார்கள். கைதி வேலை என்பதையும் ஆண்டையும் அவற்றின் உடலிலேயே மணியால் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியக் கைதிகள் பெங்களூர், டேராடூன், யோல் முகாம்களுக்கு வந்தார்கள். இவற்றைப் பற்றி இந்த மேடையில் நல்ல கட்டுரைகள் வர இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்கள் என்னைவிட விரிவாகப் பேசுவார்கள்.

நான் எடுத்துக்கொள்ள விரும்புவது நம் ஆய்வின் எல்லையைப் பற்றிய ஒரு கேள்வி. ‘கைதியின் கைவினை’ என்ற தலைப்பின் கீழ் எதை வைக்கிறோம், எதை வெளியே தள்ளுகிறோம்? நிக்கோலஸ் சாண்டர்ஸ் அகழிக் கலையைப் பற்றி எழுதிய பிறகும், கில்லியன் கார், ஹரல்ட் மைட்டம் இருவரும் 2012இல் தொகுத்த நூல் வந்த பிறகும், முள்வேலிக்குப் பின்னால் நடக்கும் படைப்பைப் பற்றிய ஆய்வு நன்றாக வளர்ந்திருக்கிறது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அந்த ஆய்வின் மையத்தில் ஒரே உருவம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: தனியாக உட்கார்ந்து, பொழுதைக் கழிக்கவும் மனம் உடையாமல் இருக்கவும் சிறு பொருள் ஒன்றைச் செதுக்குகிற கைதி. அது பொய்யான உருவம் அன்று. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு துறையைக் கட்ட முடியாது.

நார்மன் கிராஸையே பாருங்கள். அங்கே முகாம் வாசலில் சந்தை கூடியது. கைதிகளின் பொருளை ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். வைக்கோல் பின்னலுக்கு மட்டும் தடை வந்தது. அந்த வட்டாரத்தில் வைக்கோல் பின்னிப் பிழைத்த குடும்பங்களின் கூலி விழுந்துவிடும் என்பதே காரணம். தடை வந்த பிறகும் காவலர்களே பின்னலைக் கடத்தி விற்றுப் பிடிபட்டார்கள். பெரிய எலும்புக் கப்பல் ஒன்றில் பலருடைய கை இருந்தது. ஒருவர் எலும்பை அறுத்தார், ஒருவர் பலகையாக இழைத்தார், இன்னொருவர் பாய்மரக் கயிறு கட்டினார். ஆகவே அங்கே நாம் காண்பது ஒரு தொழிற்கூடம். அதற்கு மூலப்பொருள் வரத்து உண்டு, விலை உண்டு, வாடிக்கையாளர் உண்டு, போட்டியாளரும் உண்டு. கைதியின் கைவினை எப்போதும் சிறைக்கும் ஊருக்கும் நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கலில் பிறக்கிறது என்பதே என் கருத்து. இந்தக் கருத்தை ஏற்றால், நம் துறையின் மிகப் பெரிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்த நகரிலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில், புலியூர்க்குறிச்சியில், நம் கண்முன்னே நிற்பதையும் ஏற்க வேண்டியிருக்கும். உதயகிரிக் கோட்டையைத்தான் சொல்கிறேன்.

குளச்சல் போரின் விவரம் உங்கள் அனைவருக்கும் பாடம். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைக் குளச்சலில் வென்றது. சரணடைந்த ஐரோப்பியர் 24 பேர் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். இன்னொருவர் டொனாடி. பத்மநாபபுரத்திலும் உதயகிரியிலும் சிறைவைக்கப்பட்ட இவர்களில் பலர் பின்னர் அரசரின் படைக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். உதயகிரிக் கோட்டை கருங்கல்லால் பெரிதாக எடுத்துக் கட்டப்பட்டது. அதனுள் ஓர் உலைக்களம் அமைந்தது. பீரங்கியும் குண்டும் அங்கே வார்க்கப்பட்டன. வட்டக்கோட்டை திருத்திக் கட்டப்பட்டது. வடக்கெல்லையில் நெடுங்கோட்டை எழுந்தது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் வந்து மோதியது அந்த மதிலில்தான். டி லனாய் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். உதயகிரியை ஊரார் இன்றும் தில்லானைக் கோட்டை என்கிறார்கள்.

இவ்வளவும் படை வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. கைவினை வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை. இதைச் சில ஆண்டுகளாகவே சொல்லி வருகிறேன். எதிர்ப்பும் இருந்தது. என் கட்டுரை ஒன்றுக்கு வந்த மதிப்புரை, கோட்டையையும் பீரங்கியையும் கைவினைப் பொருள் என்பது துறையையே கரைத்துவிடும் என்றது. அதை எழுதிய அறிஞரின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவர் எழுப்பிய மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை சொல்வதே அந்த மதிப்புக்கு ஏற்ற செயல்.

முதல் மறுப்பு: பீரங்கி போர்க்கருவி; கைவினை என்பது போருக்குத் தொடர்பில்லாதது. இந்தக் கோடு எப்போது போடப்பட்டது என்று கேட்க வேண்டும். கைதிகளின் வேலை போர் நடவடிக்கையோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும் என்பது 1907 ஹேக் விதிகளிலும் 1929, 1949 ஜெனீவா ஒப்பந்தங்களிலும் வருகிறது. அது மனிதகுலம் அரும்பாடுபட்டுப் பெற்ற விதி. ஆனால் 1741இல் பிடிபட்டவருக்கு அதைப் பின்னோக்கிப் பொருத்த முடியாது. அந்த விதி இருந்த காலத்திலும் கோடு நேராக நிற்கவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் இத்தாலியக் கைதிகள் 1943, 1944 ஆண்டுகளில் இரண்டு தகரக் கொட்டகைகளை இணைத்துத் தேவாலயம் ஒன்று அமைத்தார்கள். டொமெனிகோ கியோக்கெட்டி வரைந்த ஓவியங்களும், மாட்டிறைச்சித் தகர டப்பாவில் வெட்டிய விளக்குகளும் அங்கே இருக்கின்றன. கைதிக் கைவினை பற்றிய எந்த நூலும் அதை விடுவதில்லை. அதே கைதிகள்தாம் பகலில் கடலில் கான்கிரீட் பாளங்களை இறக்கிச் சர்ச்சில் தடுப்பணைகளைக் கட்டினார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் துறைமுகத்தைக் காப்பதற்காக எழுந்த அணைகள் அவை. இது போர்வேலை என்று கைதிகள் எதிர்த்தபோது, தீவுகளை இணைக்கும் சாலை என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஒரே கை, ஒரே சிமெண்டு, ஒரே தீவு. தேவாலயத்தைக் கைவினை என்கிறோம். அணையைப் பொறியியல் என்கிறோம். இந்தப் பிரிவினை பொருளிலிருந்து வரவில்லை, நம் அட்டவணைகளிலிருந்து வந்தது.

இரண்டாம் மறுப்பு இதைவிட வலுவானது. டி லனாய் அரசரின் சேவகத்தில் சேர்ந்த நாளே கைதி என்ற நிலை முடிந்துவிட்டது. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கைக்குப் பிறகு டச்சுக் கம்பெனியும் திருவிதாங்கூரும் சமாதானமாகிவிட்டன, அதன் பிறகும் அவர் இங்கேயே இருந்தார். ஆகவே அவருடைய வேலை ஊழியரின் வேலை என்கிறார்கள். பின்னாளைய ஆண்டுகளுக்கு இது பொருந்தும், மறுக்க மாட்டேன். ஆனால் தொடக்கத்தில் அவர் முன்னால் இருந்த வழிகள் இரண்டே: சிறை அல்லது சேவகம். அப்படி எடுத்த முடிவின் மேல்தான் பிறகு வந்த எல்லாமே நிற்கின்றன. சிறையிலிருந்து சேவகத்துக்குக் கடந்து போகிற அந்த இடைவெளியே நம் துறை முதலில் ஆராய வேண்டிய இடம். மற்ற நாடுகளிலும் அது இருக்கிறது. தியத்தலாவைக் கைதிகளில் எங்கல்பிரெக்ட் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, ஊர் திரும்ப முடியாமல் இலங்கையிலேயே தங்கி, யால காட்டுக்குக் காவல் அதிகாரியானார். ஆர்க்னியில் தோழர்கள் 1944இல் புறப்பட்ட பிறகு கியோக்கெட்டி மட்டும் ஞானஸ்நானத் தொட்டியை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லித் தங்கினார். அந்தத் தொட்டியைச் செய்தபோது அவர் கைதியா, விருந்தினரா, கலைஞரா? இந்தக் கேள்வியை ஆர்க்னியில் ஆர்வத்தோடு கேட்கிற நாம் உதயகிரியில் கேட்க ஏன் தயங்குகிறோம்?

மூன்றாவது மறுப்பை எவரும் எழுத்தில் வைக்கவில்லை. பேச்சில் அடிக்கடி கேட்கிறேன். இருபத்துநான்கு பேர் எப்படி ஒரு கோட்டையையும் ஒரு பீரங்கிப் படையையும் செய்திருக்க முடியும்? செய்திருக்க முடியாது. என் வாதத்தின் உயிர்நாடியே இதுதான். அவர்கள் தனியாகச் செய்யவில்லை. அவர்களோடு சேர்ந்து செய்தவர்கள் யார் என்பதை நாம் கேட்கவே இல்லை.

தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் பீரங்கி வார்க்கும் பழைய முறை இது: கூம்பிச் செல்லும் மரத்தண்டு ஒன்றின்மேல் வைக்கோல் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் களிமண்ணைப் பூசிப் பூசி, தண்டைச் சுழற்றிக்கொண்டே பலகையால் வழித்துப் பீரங்கியின் வடிவத்தைக் கொண்டுவருவார்கள். வளையங்களையும் சின்னங்களையும் மெழுகில் செய்து ஒட்டுவார்கள். அதன்மேல் வெளி அச்சுக்கு மீண்டும் மண் பூசி, இரும்புப் பட்டை கட்டி, சுடுவார்கள். மெழுகு உருகி ஓடும். உள்ளிருக்கும் மாதிரியை உடைத்து எடுத்துவிட்டு, குழலின் வெற்றிடத்துக்காக இரும்புத் தண்டில் மண் பூசிய உட்கருவை நடுவில் நிறுத்துவார்கள். பிறகு அச்சைக் குழியில் நட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். முழுக்கட்டியாக வார்த்துப் பிறகு குடையும் புதிய முறை அப்போதுதான் ஐரோப்பாவில் பரவத் தொடங்கியிருந்தது. 1741இல் பிடிபட்ட வீரர்கள் அறிந்திருக்கக்கூடியது பழைய முறையே.

இப்போது நம் நாட்டு மூசாரிகள் உருளியும் வார்ப்பும் செய்யும் முறையை நினைத்துப் பாருங்கள். மண்ணால் உட்கரு செய்து, அதைக் கடைசலில் சுழற்றி வடிவம் கொடுத்து, மெழுகு பூசி, அதன்மேல் வண்டல் மண்ணும் சாணமும் கலந்து வெளி அச்சைப் பூசி, சுட்டு, மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். மான்னார் ஊரில் பாயசம் காய்ச்சும் மாபெரும் வார்ப்புகளையும் கோயில் மணிகளையும் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். உட்கருவை நடுவில் அசையாமல் நிறுத்துவது, மண்ணில் ஈரம் தங்காமல் காயவைப்பது, ஒரே மூச்சில் உலோகத்தை ஊற்றி முடிப்பது எல்லாம் அவர்களுக்குத் தலைமுறைப் பாடம். ஐரோப்பாவிலும் மணி வார்த்தவர்களே பீரங்கி வார்த்தார்கள். குளச்சலில் பிடிபட்ட காலாட்படை வீரர் ஒருவருக்குப் பீரங்கியின் நீள அகலக் கணக்கும், சுடும்போது எந்த இடத்தில் அழுத்தம் கூடும் என்ற அறிவும் இருந்திருக்கலாம். வார்ப்புக் குழியில் நின்று பழகிய கை அவருக்கு இருந்ததென்று கொள்ள ஆதாரம் இல்லை. அந்தக் கை நாஞ்சில் நாட்டிலும் வேணாட்டிலும் ஏற்கெனவே இருந்தது.

இங்கே சோதித்து அறியக்கூடிய ஒன்று இருக்கிறது. பீரங்கி வெண்கலத்தில் வெள்ளீயம் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு. மணி வார்க்கும் ஓட்டில் அது 20 பங்குக்கும் மேல். மணி உலோகம் நன்றாக ஒலிக்கும், ஆனால் உடையும். அதில் பீரங்கி வார்த்தால் சுடுபவனையே கொல்லும். ஆகவே உதயகிரியில் இருவகை அறிவும் சந்தித்த இடம் கலவை விகிதமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே வார்த்த ஒரு பெரிய பீரங்கியைப் பற்றிப் பழைய குறிப்பு ஒன்று உண்டு: 16 அடி நீளம், 1,200 ஆட்களும் 16 யானைகளும் சேர்ந்து இழுத்தும் நகரவில்லை. எல்லாரும் அந்த யானைகளை எண்ணி வியந்திருக்கிறோம். அதன் உலோகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உலைக்களத்து மண்ணில் கசடு கிடைக்கும், உடைந்த அச்சு கிடைக்கும், சிந்திய உலோகத் துளி கிடைக்கும். ஒரு சிறு துண்டின் வேதியியல் பகுப்பு, கைதிக்கும் கம்மாளருக்கும் நடுவே என்ன பேச்சு நடந்தது என்பதை நூறு கட்டுரைகளைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

நம் முன்னோர்கள் இதை ஏன் கேட்கவில்லை? குறை சொல்வதற்காக நான் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. பி. சங்குண்ணி மேனன் 1878இல் திருவிதாங்கூர் வரலாற்றை எழுதியபோது அவருக்கு முன் இருந்த பணி ஓர் அரச மரபின் கதையைக் கோவையாகச் சொல்வது. 1906இல் வி. நாகம் ஐயாவும் 1940இல் டி. கே. வேலுப் பிள்ளையும் தொகுத்த மானுவல்கள் ஆட்சிக்குப் பயன்படும் களஞ்சியங்கள். கே. எம். பணிக்கர் 1931இல் டச்சுக்காரரைப் பற்றி எழுதியபோது அவர் கண்முன் இருந்தது ஐரோப்பிய வல்லரசின் தோல்வி. இவர்கள் இல்லாமல் நாம் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஆனால் இவர்கள் வகுத்த சட்டகத்தில் இருவருக்கே இடம் இருந்தது: வென்ற அரசர், சரணடைந்த கப்பித்தான். பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள சரணடைவு ஓவியமும் அந்தக் காட்சியைத்தான் நம் மனத்தில் பதித்திருக்கிறது. மற்ற கைதிகள் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். கல்தச்சரும் கொல்லரும் மூசாரியும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் இன்னும் தொலைவில் நிற்கிறார்கள்.

கோட்டைக்குள் தேவாலயத்தில் இருக்கும் கல்லறைக் கல்லையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். 1777 ஜூன் 1ஆம் நாள் இறந்த டி லனாய்க்கு லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அரசருக்குச் சேவை செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அடக்கியவர் என்று லத்தீன் வாசகம் புகழ்கிறது. அவர் கைதியாக வந்தவர் என்பது அதில் இல்லை. உலைக்களமும் மதிலும் இல்லை. இறந்தவரைப் போற்றும் கல் அப்படித்தான் பேசும். ஆனால் நம் ஆய்வு அந்தக் கல்லோடு நின்றுவிட்டது. மகன் யோவான் களக்காட்டுப் போரில் மாண்டு அதே தேவாலயத்தில் அடங்கியிருப்பது வரை சொல்லி நெகிழ்கிறோம், நெகிழ்வது தவறில்லை. அந்தத் தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டிய தச்சரைப் பற்றி, லத்தீன் எழுத்தை அவருக்கு யார் வரைந்து கொடுத்தார்கள் என்பதைப் பற்றி, எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்? சிறைப்பட்டவரின் நாடும் சிறைவைத்தவரின் நாடும் ஒரே பலகையில் கலந்த கைவேலை அது. நம் பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சான்று எங்கே இருக்கிறது?

புனித தேவசகாயம் பிள்ளையின் வாழ்க்கை இன்னொரு வாயில். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை என்ற இயற்பெயர் கொண்ட அவர் அரண்மனை அலுவலர். உதயகிரிப் பணியில் கணக்கும் கூலியும் பார்க்கும் பொறுப்பில் இருந்தபோது டி லனாயோடு பழகினார் என்பது வழிவழிச் செய்தி. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் வாழ்க்கையைச் சமய வரலாறாகப் படித்திருக்கிறோம். கூலி கொடுத்த ஒருவரின் வாழ்க்கையாகவும் படிக்கலாம். கூலி கொடுத்தார் என்றால் கூலி வாங்கியவர்கள் இருந்தார்கள், கணக்கு இருந்தது, வேலைக்குப் பகுப்பு இருந்தது. ஒரு கைதியும் ஓர் அரண்மனை அலுவலரும் சாதி, சமயம், மொழி எல்லாவற்றையும் கடந்து அன்றாடம் பேச நேர்ந்த இடம் ஒரு வேலைத்தலம். அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். எங்கே தொடங்கியது என்பதைக் கைவினை ஆய்வாளர்தான் சொல்ல முடியும்.

இந்தச் சான்றுகள் கேட்பாரற்றுக் கிடப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1இல் தென் திருவிதாங்கூர் தமிழ்நாட்டோடு இணைந்தது. உதயகிரிக் கோட்டை இப்போது தமிழ்நாடு வனத்துறையின் பூங்கா. அதன் அருகிலேயே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. அரசின் ஓலை ஆவணங்களும் கோயிலின் மதிலகம் ஓலைகளும் இந்த நகரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொச்சியில் எழுதப்பட்ட டச்சு ஆவணங்கள் சென்னை எழும்பூரிலும், கம்பெனியின் தலைமை ஆவணங்கள் ஹேக் நகரிலும் இருக்கின்றன. தமிழில் ஆய்வு செய்பவர் ஓலைக்கு வருவதில்லை. மலையாளத்தில் ஆய்வு செய்பவர் கோட்டை மண்ணுக்குப் போவதில்லை. டச்சு படிப்பவர் இரண்டிலும் கால் வைப்பதில்லை. எல்லைக்கோடு போட்டவர்கள் நிலத்தைத்தான் பிரித்தார்கள். அந்த எல்லையை ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்கள் நாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எந்தக் கைதியின் கைவேலை காக்கப்படுகிறது என்பது அவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1942, 1943 ஆண்டுகளில் சயாம் – பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் உழைத்தார்கள். ரொனால்ட் சியர்ல், ஜாக் சாக்கர் போன்றோர் ஒளித்து வரைந்த ஓவியங்கள் லண்டனிலும் கான்பராவிலும் காக்கப்படுகின்றன. முகாம் மருத்துவமனைகளில் மூங்கிலாலும் மரத்தாலும் செய்த செயற்கைக் கால்களைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் உழைத்து மடிந்தார்கள். சட்டப்படி அவர்கள் போர்க் கைதிகள் அல்லர். ஆகவே அவர்கள் கையால் செய்த எதுவும் எந்தப் பெட்டகத்திலும் கைதிக் கைவினையாக இல்லை. அவர்களும் கூரை வேய்ந்திருப்பார்கள், பாய் முடைந்திருப்பார்கள், பிணத்துக்குப் பாடை கட்டியிருப்பார்கள். நம் துறை ‘கைதி’ என்ற நிலையைச் சட்டத்தின் அளவுகோலால் மட்டும் அளந்தால், ஒருபுறம் உதயகிரியையும் மறுபுறம் இந்தத் தமிழர்களையும் நாமே வெளியே தள்ளுகிறோம். வேலையைக் கொண்டு அளந்தால் இருவரும் உள்ளே வருகிறார்கள்.

ஆகவே இக்கருத்தரங்கின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன். கைதிக் கைவினைப் பொருள் ஒவ்வொன்றின் விவரக் குறிப்பிலும் செய்தவரின் நாட்டோடு, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் வாங்கினார்கள், உள்ளூர்க் கை சேர்ந்ததா என்ற செய்திகளும் இடம்பெற வேண்டும். திருச்சிராப்பள்ளியிலும் கேத்தியிலும் இருந்த போயர் முகாம்களைப் பற்றி எழுதுவோர், அங்கே மரமும் கொம்பும் கொடுத்த நம்மூர்த் தச்சரையும் வியாபாரியையும் தேட வேண்டும். உதயகிரி உலைக்களத்தில் இரண்டு மாநிலத் தொல்லியல் துறைகளும் சேர்ந்து முறையான அகழாய்வு நடத்த வேண்டும். கசடும் உலோகமும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஓலை படிக்கத் தெரிந்த ஒருவரும் டச்சு படிக்கத் தெரிந்த ஒருவரும் வார்ப்புத் தொழிலில் பிறந்து வளர்ந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த மூன்றாமவரை நம் கருத்தரங்குகள் இதுவரை பார்வையாளராகவே அழைத்திருக்கின்றன. அடுத்த முறை கட்டுரையாளராக அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னோடு உடன்படாதவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள் என்று அறிவேன். அவர்களுடைய கட்டுரைகளை முதல் வரிசையிலிருந்து கேட்பேன். உதயகிரியின் வேலை கைதிகளுடையதன்று என்று சான்றோடு நிறுவினால், என் வாதத்தைத் திருத்திக்கொள்வேன். ஆனால் சான்று தேடாமல் அட்டவணையைக் காட்டி மறுப்பதை ஏற்க மாட்டேன். சுந்தரம் பிள்ளை கல்லைப் படித்த பிறகே அரசர்களின் வரிசை திருந்தியது. உலைக்களத்து மண்ணைப் படித்தால் கப்பித்தான் ஒருவரின் புகழாக நாம் வைத்திருப்பது பலருடைய உழைப்பாகத் திருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த விவாதம் இன்றே தொடங்கட்டும் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.